‘நம் முன்னோர்’ யார்? – யூத வழிபாட்டு மொழியில் புதியவரும் உளப்பாட்டுத் தன்மையும்

1. முன்னுரை

தன்னோடு சேர வருபவரை ஒரு சமூகம் எவ்வாறு ஏற்கிறது என்பதை அதன் சட்டங்களும் சடங்குகளும் காட்டும். அவற்றினும் நுட்பமாகக் காட்டுவது அச்சமூகம் கையாளும் தன்மைப் பன்மைப் பெயராகும். ஒரு குழுவினர் ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ சொல்லும்போது யார் அச்சொல்லுள் அடங்குகின்றனர், யார் புறத்தே நிற்கின்றனர் என்பது வெறும் இலக்கண வினா அன்று. யூத சமயத்தில் புதிதாகச் சேர்பவர், யூதரை மணந்து தம் சமயத்திலேயே நிற்பவர், யூத சமயத்தை அறிய விரும்பி வருபவர் ஆகிய மூவகையினரின் நிலையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இவ்வினாவைச் சுற்றியே விவாதிக்கப்பெற்று வந்துள்ளது.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவைத் தெளிவாக எழுப்பும் கருவியைக் கொண்டுள்ளது. தன்மைப் பன்மையை ‘உளப்பாட்டுத் தன்மை’ என வழங்கிய நம் இலக்கணிகள், பேசுவோன் தன்னோடு யாரை உளப்படுத்துகிறான் என்பதையே அதன் இயல்பாகக் கொண்டனர். தொல்காப்பிய உரையாசிரியர்கள், அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுக்கும் என்றும், எம், ஏம் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுக்கும் என்றும் பிரித்துக் காட்டினர். இன்றைய நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இதன் தொடர்ச்சியே. எபிரேய மொழியில் இவ்வேறுபாடு இல்லை. ‘-னூ’ என்னும் ஒரே விகுதி ‘நம்’, ‘எங்கள்’ என்னும் இரு பொருளையும் சுமக்கிறது. எபிரேயம் பேசாது விட்டதைத் தமிழாக்குநர் பேசியே ஆகவேண்டும். அவ்விடத்தில் அவர் எடுக்கும் முடிவு, அறிந்தோ அறியாமலோ, பழைய சமய விவாதமொன்றில் ஒரு பக்கம் சாய்வதாக அமைகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ‘கேர்’ என்னும் சொல்லின் வரலாறு

2.1. எபிரேய வழக்கு

எபிரேய விவிலியத்தில் புதியவரைக் குறிக்கும் முதன்மையான சொல் ‘கேர்’ (முதல் மெய் ஒலிப்புடைய ககரம்). ‘தங்கு, குடியிரு’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. அண்டை வீட்டார், அடைக்கலம் பெற்றவர் ஆகிய பொருள்களைத் தரும் ‘ஜார்’ என்னும் அரபுச் சொல் இதன் இனச்சொல். தொடக்க வழக்கில் கேர் என்பது சமயம் மாறியவரைக் குறிக்கவில்லை. பிறந்த ஊரையும் உறவையும் விட்டுப் பிற மக்களிடையே நிலமின்றி வாழும் குடியாளைக் குறித்தது. வந்து போகும் அயலாரைச் சுட்ட ‘நொக்ரி’ என்னும் வேறு சொல் இருந்தது. ரூத் நூலில், போவாசின் வயலில் நிற்கும் மோவாபியப் பெண்ணாகிய ரூத் தன்னைச் சுட்டுவது நொக்ரியின் பெண்பால் வடிவத்தாலேயே என்பது நோக்கத்தக்கது. நவோமியின் மக்களைத் தன் மக்களாக ஏற்றுவிட்ட பின்னரும் அவள் தன்னை அயலாள் என்றே சொல்கிறாள். நூலாசிரியரும் அவளை ‘மோவாபியள்’ என மீண்டும் மீண்டும் அழைக்கிறார். சேர்ந்துவிட்டோம் எனப் புதியவர் உணர்வதும், சேர்ந்துவிட்டார் எனப் பிறர் சொல்வதும் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை என்பதை இப்பெயர் வழக்கு காட்டுகிறது.

கேரை ஒடுக்கலாகாது என்னும் கட்டளைக்குத் தோரா தரும் காரணம், இசுரவேலரும் எகிப்தில் கேராக இருந்தனர் என்பதாகும். கேரைக் குறித்துத் தோரா 36 இடங்களில் எச்சரிப்பதாகவும், 46 இடங்கள் என்பாரும் உளர் எனவும் பாபிலோனியத் தல்மூது (பாவா மெட்சியா 59ஆ) கூறுகிறது.

2.2. கிரேக்க மொழிபெயர்ப்பு

கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, கேர் என்பதைப் பெரும்பாலான இடங்களில் ‘புரோசெலுத்தோசு’ எனப் பெயர்த்தது. ‘அணுகி வந்தவர்’ என்பது இதன் சொற்பொருள். சில இடங்களில் ‘பரொய்க்கோசு’ (அயலில் குடியிருப்பவர்) என்னும் சொல் வருகிறது. யாத்திராகமம் 12:19, ஏசாயா 14:1 ஆகிய இரண்டிடங்களில் அரமேய வடிவத்தைத் தழுவிய ‘கெயோராசு’ காணப்படுகிறது. பிற்காலத்தில் புரோசெலுத்தோசு ‘யூத சமயத்தில் சேர்ந்தவர்’ என்னும் கலைச்சொல்லாக நிலைபெற்றது. ஆயின் அம்மொழிபெயர்ப்பில் எகிப்தில் வாழ்ந்த இசுரவேலரும் புரோசெலுத்தோசு எனவே சுட்டப்பெறுகின்றனர். எகிப்தியர் சமயத்தில் அவர்கள் சேரவில்லை. ஆகவே அவ்விடங்களிலேனும் அச்சொல்லுக்குச் சமய மாற்றப் பொருள் இல்லை என்பது தெளிவு. குடியாளிலிருந்து சமயத்தாராக ஒரு சொல் நகர்ந்த வழியை இதில் காண்கிறோம்.

இருவகைக்கும் இடைப்பட்ட நிலையும் இருந்தது. இன்றைய துருக்கியிலுள்ள அப்ரோதிசியாசில் 1976இல் கிடைத்து 1987இல் பதிப்பிக்கப்பெற்ற கிரேக்கக் கல்வெட்டு, யூதர் பலரின் பெயர்களோடு, புரோசெலுத்தோசு என்னும் அடைபெற்ற மூவரையும், ‘தெயோசெபேய்சு’ (இறையச்சம் உடையோர்) எனப்பெறும் 50க்கு மேற்பட்டோரையும் தனித்தனியே குறிக்கிறது. முழுதும் சேராமலே தொழுகைக் கூடத்தோடு உறவு பூண்டவர்க்கு அன்றே ஒரு பெயரும் ஓர் இடமும் இருந்தன.

2.3. தமிழ் வழக்கு

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு, கேர் என்பதற்கு ‘அந்நியன்’, ‘பரதேசி’ என இடத்திற்கேற்ப வேறு வேறு சொற்களைக் கையாள்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் புரோசெலுத்தோசு ‘யூதமார்க்கத்தமைந்தவர்’ ஆகிறது. ‘மாறியவர்’ என்னாது ‘அமைந்தவர்’ என்றது சிறப்பு. விட்டு வந்ததை அன்றிச் சேர்ந்து பொருந்தியதை அவ்வினை முதன்மைப்படுத்துகிறது. எனினும் ஒரே எபிரேயச் சொல்லின் வளர்ச்சியே அந்நியனும் அமைந்தவரும் என்பதைத் தமிழ் வாசகர் உணர வழியில்லாது போகிறது.

3. வாயிலில் நிகழும் உரையாடல்

யூத சமயத்தில் சேர விரும்பி வருபவரை எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்கான அடிப்படை முறைமை தல்மூதின் எவமோத்து 47இல் உள்ளது. வருபவரிடம் முதலில் காரணம் கேட்கப்படும். இசுரவேலர் இக்காலத்தில் துன்புற்று அலைக்கழிவதை அறியாயோ என வினவப்படும். அறிவேன், அதற்குத் தகுதியற்றவனாக இருக்கிறேன் என அவர் விடையிறுத்தால் உடனே ஏற்கப்படுவார். எளிய கட்டளைகள் சிலவும் கடிய கட்டளைகள் சிலவும் அவருக்குக் கற்பிக்கப்படும். ஆயின் அளவு மீறிச் சொல்லி அவரை மலைக்க வைத்தல் ஆகாது. மூன்று முறை திருப்பி அனுப்பவேண்டும் என்னும் பிற்கால வழக்கம், நவோமி தன் மருமகளைத் திரும்பிப் போகுமாறு சொன்ன முறைகளை அடியொற்றி எழுந்தது. தடுப்பதும் ஏற்பதும் ஒரே உரையாடலின் இரு பகுதிகளாக அமைந்திருத்தல் காண்க.

இங்கு வரும் வினைவடிவம் கருதத்தக்கது. சமயம் சேர்தலை எபிரேயம் ‘கித்கையேர்’ என்னும் தற்சுட்டு வினையால் குறிக்கிறது. ‘தன்னைக் கேராக ஆக்கிக்கொண்டார்’ என்பது அதன் பொருள். இதனைத் ‘மதம் மாற்றப்பட்டார்’ எனச் செயப்பாட்டு வினையால் பெயர்த்தால் வினைமுதல் இடம்மாறிவிடும். ‘மதமாற்றம்’ என்னும் பெயர் பிறவினையின் சாயலை உடையதாதலின் அதுவும் முற்றும் பொருந்தாது. ‘சேர்தல்’, ‘அமைதல்’ முதலிய தன்வினைகளே இவ்விடத்திற்கு நெருங்கியவை.

4. முதற்கனி அறிக்கை: ‘எங்கள்’ என்னும் தடை

புதியவர் ஏற்கப்பட்டாயிற்று. இனி அவர் எச்சொற்களால் வழிபடுவார்? உபாகமம் 26இன்படி, நிலத்தின் முதற்கனியைக் கொணர்பவர், முன்னோருக்கு ஆணையிட்டு உறுதியளிக்கப்பெற்ற நாட்டிற்கு வந்து சேர்ந்ததாகக் குருவின் முன் அறிக்கையிடவேண்டும். அங்கு ‘முன்னோர்’ என்பது தன்மைப் பன்மை விகுதி பெற்று ‘அவோத்தேனு’ என நிற்கிறது. மிசுனாவின் பிக்கூரிம் 1:4, கேர் முதற்கனியைக் கொணரலாம், ஆனால் அறிக்கையிடலாகாது என்கிறது. முன்னோரைத் தம்மோடு சேர்த்துச் சொல்ல அவரால் இயலாது என்பது காரணம்.

அதே பகுதி வழிபாட்டிற்கும் விதி வகுக்கிறது. தனியே தொழும்போது கேர் ‘இசுரவேலின் முன்னோர்’ எனப் படர்க்கையில் சொல்லவேண்டும். தொழுகைக் கூடத்தில் ‘உங்கள் முன்னோர்’ என முன்னிலையில் சொல்லவேண்டும். தாய் இசுரவேலைச் சேர்ந்தவளாயின் ‘அவோத்தேனு’ எனத் தன்மையில் சொல்லலாம். ஒருவருடைய சமூக நிலையை மூவிடப் பெயர்களைக் கொண்டு இத்துணைத் துல்லியமாக வரையறுத்த சட்டப்பகுதி அரிது.

இதனை எருசலேம் தல்மூது அப்படியே ஏற்கவில்லை. ரபி யூதாவின் பெயரால் அது வேறொரு கருத்தைத் தருகிறது: கேரும் கொணர்ந்து அறிக்கையிடலாம், ஏனெனில் ஆபிரகாம் பல இனத்தாருக்குத் தந்தை எனப் பெயர் பெற்றவர். குருதி வழியாகப் பொருள்கொள்ளப்பெற்ற ‘முன்னோர்’ என்னும் சொல் இங்குக் கொள்கை வழியாகப் பொருள்கொள்ளப்படுகிறது. இன்றும் சமயம் சேர்ந்தவர் தோரா வாசிப்பிற்கு அழைக்கப்படும்போது, தந்தை பெயரிடத்தில் ‘நம் தந்தை ஆபிரகாம்’ என்பதைக் கொண்டே அழைக்கப்பெறுகிறார்.

5. மைமோனிடிசின் மடல்

12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்னும் கேர் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிசுக்கு (இறப்பு 1204) இவ்வினாவையே எழுதிக் கேட்டார். (1102இல் யூதம் சேர்ந்தவரும் தென் இத்தாலியின் ஒப்பிதோவைச் சார்ந்தவருமான நார்மன் ஒபதியா வேறொருவர்.) முன்னோரின் இறைவன், கட்டளைகளால் தூய்மைப்படுத்தியவன், எகிப்திலிருந்து வெளிக்கொணர்ந்தவன் என வரும் வாழ்த்துகளில் தன்மைப் பன்மையைத் தாம் சொல்லலாமா என்பதே வினா.

அனைத்தையும் உள்ளவாறே சொல்க, எதையும் மாற்றவேண்டா என்பது மைமோனிடிசின் விடை. ஆபிரகாமின் வழியைக் கற்றுக்கொள்வோர் யாவரும் அவர் மாணவரும் வீட்டாருமே என்பது அவர் காட்டும் காரணம். ஆயின் ஓரிடத்தில் மட்டும் அவர் விருப்புரிமை தருகிறார். எகிப்திலிருந்து வெளிக்கொணர்ந்தமை போன்ற வரலாற்று நிகழ்ச்சிகளைச் சொல்லுமிடத்து, ‘நம்மை’ என்பதை ‘இசுரவேலை’ என மாற்ற விரும்பின் மாற்றலாம், மாற்றாவிடினும் குற்றமில்லை. உறவைச் சுட்டும் தன்மைப் பன்மைக்கும் நிகழ்ச்சியைச் சுட்டும் தன்மைப் பன்மைக்கும் இடையே அவர் கண்ட இவ்வேறுபாடு மொழியியலாரின் கவனத்திற்குரியது. ஒருவர் ஒரு குடும்பத்தில் முழுமையாகச் சேரலாம். சேர்வதற்கு முன் அக்குடும்பத்திற்கு நேர்ந்தவற்றைத் தமக்கு நேர்ந்ததாகச் சொல்ல அவர் தயங்கினால் அத்தயக்கமும் மதிக்கப்படும்.

6. கொச்சி: சட்டமும் இருக்கையும்

சட்டம் ஏற்றபின்னும் சமூகம் ஏற்கத் தயங்கிய வரலாறு நம் அண்டையிலேயே உண்டு. கொச்சி யூதரிடையே ஒரு சாரார் பிறிதொரு சாராரை அடிமை வழியினர் எனக் கூறி மணவுறவு மறுத்தது பற்றி 16ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் வினா அனுப்பப்பெற்றது. முறைப்படி சமயம் சேர்ந்தவரோடு மணவுறவுக்குத் தடையில்லை என அவர் தீர்ப்புரைத்தார். ஆயினும் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடத்தில், விடுவிக்கப்பெற்ற அடிமைகளின் வழியினர் நெடுங்காலம் பிறரோடு சமமாக இருக்கை பெறவில்லை. தோரா வாசிப்புக்கு அழைக்கப்படவுமில்லை. அவ்வழியினரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய அறப்போர் முறையில் இவ்வேற்றுமையை எதிர்த்தார்.

அம்மக்களுக்கு இடப்பெற்ற பெயர் ‘மெசுக்ரார்’. ‘விடுவிக்கப்பட்டவர்’ எனப் பொருள்படும் செயப்பாட்டு எச்சம் அது. ‘கித்கையேர்’ என்னும் தற்சுட்டு வினை வருபவரைச் செயலின் வினைமுதலாக வைக்கிறது. மெசுக்ரார் என்பதோ யாரோ ஒருவரால் விடுவிக்கப்பட்ட நிலையைத் தலைமுறை தோறும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. சமயம் சேர்ந்தவரின் மகனிடம் அவன் முன்னோரின் செயல்களை நினைவூட்டலாகாது என மிசுனா (பாவா மெட்சியா 4:10) விதித்திருக்க, இங்குப் பெயரே அந்நினைவூட்டலாக அமைந்தது. மறுபுறம், பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்தவரைக் குறித்த ‘பரதேசி’ என்னும் சொல் அங்கு உயர்வுப் பெயராயிற்று. தமிழில் இரவலர் என இழிந்த பொருள் பெற்ற அதே சொல் கொச்சியில் உயர்ந்தோர் பெயரானமை, ‘வந்தவர்’ என்னும் பொருளுக்குத் தனக்கென மதிப்பில்லை, சூழலே மதிப்பை அளிக்கிறது என்பதற்குச் சான்று.

7. இருபதாம் நூற்றாண்டும் இருசமய இணையரும்

அமெரிக்காவில் வினா வேறு வடிவம் பெற்றது. சேர விரும்புபவர் மட்டுமன்றி, சேராமலே யூதரை மணந்தவரும் தொழுகைக் கூடத்திற்கு வரலாயினர். சீர்திருத்த யூத ரபிகளின் மையப் பேரவை 1909இல் கலப்புமணத்தை ஊக்குவிக்கலாகாது எனத் தீர்மானித்தது. 1973இல் தன் எதிர்ப்பை மேலும் வலியுறுத்தியது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1978 திசம்பரில் ஹியூஸ்டனில் அவ்வியக்கத் தலைவர் அலெக்சாண்டர் ஷிண்ட்லர், இருசமய இணையரைத் தள்ளிவைக்காது அவர்களை நாடிச் செல்லவேண்டும் என அழைப்பு விடுத்தார். 1983இல் அப்பேரவை, தந்தை அல்லது தாய் எவரேனும் ஒருவர் யூதராயின், குழந்தை யூத வாழ்வில் ஈடுபடுவதைக் கொண்டு அதனை யூதராகக் கருதலாம் எனத் தீர்மானித்தது. தாய்வழியை வரையறுத்த மிசுனா விதியைப் பின்பற்றும் மரபுவழி யூதரும் கன்சர்வேட்டிவ் யூதரும் இதனை ஏற்கவில்லை. பியூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 1980க்கு முன் மணந்த அமெரிக்க யூதருள் 18 விழுக்காட்டினரும், 2010க்குப் பின் மணந்தவருள் 61 விழுக்காட்டினரும் யூதரல்லாத துணைவரை உடையவர்.

இம்மாற்றம் மீண்டும் தன்மைப் பன்மையில் வந்து முட்டியது. தம் பிள்ளை முதன்முறை தோரா வாசிக்கும் நாளில் மேடையேறும் யூதரல்லாத தாயோ தந்தையோ, மக்களினங்கள் யாவற்றுள்ளும் ‘நம்மைத்’ தேர்ந்தான் எனப் பொருள்படும் வாழ்த்தைச் சொல்லலாமா? அச்சொல்லுள் அடங்காத ஒருவர் அதனைச் சொல்லுதல் பொருந்தாது என்பதே சீர்திருத்த ரபிகளின் தீர்ப்புரைகள் எடுத்த நிலை. பல கூடங்கள் அவர்க்கெனத் தனி வேண்டுதல்களை அமைத்தன.

வேறொரு நோக்கத்தால் எழுந்த மாற்றம் ஒன்றையும் இங்கு ஒப்பிடலாம். ‘தேர்ந்த மக்கள்’ என்னும் கருத்தை மறுத்த மொர்தெகாய் கப்லான், 1945இல் வெளியான வழிபாட்டு நூலில், ‘நம்மைத் தேர்ந்தான்’ என்பதைத் ‘தன் பணிக்கு நம்மை அண்மையில் கொணர்ந்தான்’ என மாற்றினார். பாசுகாத் திருநாளின் அக்கதா நூலில், முன்னோர் தொடக்கத்தில் அயல் வழிபாட்டினராக இருந்தனர் எனக் கூறும் பகுதியில் வரும் வினை இது. இதன் வேராகிய க-ர-ப் (அண்மை) என்பதிலிருந்து பிறந்த ‘கேருவ்’ (கிருவ் எனவும் ஒலிக்கப்படும்) என்னும் பெயரை, ஒழுக்கத்தில் தளர்ந்த யூதரை மீட்கும் பணிக்கு மரபுவழியினரும், இருசமய இணையரை வரவேற்கும் பணிக்குக் கன்சர்வேட்டிவ் இயக்கத்தினரும் ஆளுகின்றனர். தேர்தல் என்னும் வினை எல்லை வகுக்கும். அண்மைப்படுத்தல் என்னும் வினை தொலைவை மட்டுமே அளக்கும். தன்மைப் பன்மையை மாற்றாமல் வினையை மாற்றியும் வாயிலை அகலப்படுத்த இயலும் என்பதற்கு இது சான்று.

அண்மைக் காலத்தில் எல்லை மேலும் நகர்ந்துள்ளது. துணைவர் யூதரல்லாதவர் என்பதற்காக ரபிப் பயிற்சிக்கு இடம் மறுக்கும் விதியை மீளமைப்பு யூதரின் ரபிக் கல்லூரி 2015இலும், சீர்திருத்த யூதரின் எபிரேய யூனியன் கல்லூரி 2024இலும் கைவிட்டன.

8. தமிழாக்கச் சிக்கல்

மேற்கண்ட பகுதிகளைத் தமிழாக்குவோர் நான்கு சூழல்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

(அ) இறைவனை நோக்கிய வேண்டல். இங்கு ‘எங்கள் முன்னோர்’ என்பதே இயலும். ‘நம் முன்னோர்’ எனின் இறைவனும் உளப்படுவான். இங்குள்ள ‘எங்கள்’ இறைவனை மட்டுமே விலக்குகிறது. மனிதருள் யார் உள்ளே என்பதைத் திறந்தே விடுகிறது. ஆகவே எபிரேயத்தின் நெகிழ்ச்சி தமிழிலும் காக்கப்படுகிறது.

(ஆ) குருவை நோக்கிய முதற்கனி அறிக்கை. பேசுவோரும் கேட்பவரும் இசுரவேலராதலின் ‘நம் முன்னோர்’ என்றே அமையவேண்டும். புதியவர் ஒருவர் இங்கு ‘எங்கள் முன்னோர்’ என்றால், குருவை விலக்கித் தம் பிறந்த குடியின் முன்னோரைச் சுட்டியதாகப் பொருள் முற்றும் திரிந்துவிடும். பிக்கூரிம் பகுதியின் சிக்கல் முழுவதும் தமிழில் ஒரே மெய்யில் அடங்கியிருப்பதை இதனால் அறியலாம்.

(இ) பாசுகா விருந்தில் பிள்ளைக்குச் சொல்லும் வரலாறு. ‘எங்களை எகிப்திலிருந்து கொணர்ந்தான்’ எனின் கேட்கும் பிள்ளை வரலாற்றுக்குப் புறம்பாகும். ஒவ்வொரு தலைமுறையும் தன்னை வெளியேறியவராகக் கருதவேண்டும் என்பது அக்கதாவின் நெறியாதலின், ‘நம்மை’ என்பதே பொருந்தும். அவ்வாறு சொல்லும்போது, அம்மேசையில் அமர்ந்து கேட்கும் யூதரல்லாத மருமகளும் இலக்கணத்தால் உளப்படுத்தப்படுகிறாள். எபிரேயம் வெளிப்படச் சொல்லாத வரவேற்பைத் தமிழ் சொல்லிவிடுகிறது. இதனை மொழிபெயர்ப்பாளர் அறிந்தே செய்தல் வேண்டும்.

(ஈ) முன்னிலைப் பெயர். அக்கதாவில் வரும் நான்கு மக்களுள் தீயவன் ‘உங்களுக்கு’ இவ்வழிபாடு எதற்கு என்கிறான். தன்னை விலக்கிக்கொண்டமைக்காகக் கண்டிக்கப்படுகிறான். அறிவுடைய மகனின் வினாவிலும் எபிரேய மூலத்தில் (உபாகமம் 6:20) ‘உங்களுக்கு’ என்பதே உள்ளது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அதனை ‘எமக்கு’ எனத் தன்மையாக்கியது. மிசுனாவோ ‘உங்கள் முன்னோர்’ எனச் சொல்லுமாறு கேரைப் பணிக்கிறது. ஒருவன்பால் பழியான அதே முன்னிலை, மற்றொருவர்பால் விதியாகிறது. மூல வடிவத்தைக் காப்பதே இங்கு மொழிபெயர்ப்பாளர் கடமை. இடத்தை மாற்றி மென்மையாக்குதல் இவ்விவாதத்தையே மறைத்துவிடும்.

9. முடிவுரை

புதியவரை வரவேற்க யூத மரபு மூன்று மொழிவழிகளைக் கண்டுள்ளது. பேசுவோரை மாற்றி, பெயரை மாற்றாது விடுவது ஒன்று. இது மைமோனிடிசின் வழி. பேசுவோருக்கேற்பப் பெயரை மாற்றுவது மற்றொன்று. இது மிசுனாவின் வழி. பெயரையும் பேசுவோரையும் விட்டு வினையை மாற்றுவது மூன்றாவது; இது கப்லானின் வழி. சேர்ந்தவர்க்கு முதல் வழியே நீதியானது. அவரை என்றும் ‘உங்கள்’ எனச் சொல்ல வைப்பது, கொச்சியில் தரையில் இருக்கை தந்ததற்கு ஒப்பாகும். சேராது உடன்வாழ்பவர்க்கு இரண்டாம் வழியில் ஓர் அறம் உண்டு. ஏற்காத ஒன்றை ஏற்றதாகச் சொல்லும் கட்டாயத்திலிருந்து அது அவரை விடுவிக்கிறது. கேட்டறிய வந்திருப்பவர்க்கு மூன்றாம் வழி இடங்கொடுக்கிறது.

தமிழில் ‘வரவேற்பு’ என்பது வரவை ஏற்றல். வந்தவர் எதுவரை வந்துள்ளார் என்பதை அவரே சொல்ல விடுவதும் அவ்வேற்பினுள் அடங்கும். நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டை உடைய மொழியில் இம்மரபைப் பெயர்ப்போர், ஒவ்வொரு முறை அப்பெயரை எழுதும்போதும் யாரை மேசைக்கு அழைக்கிறோம், யாரை வாயிலில் நிறுத்துகிறோம் என்பதை எண்ணிப் பார்த்து எழுதுதல் இன்றியமையாதது.